விரல் அறியும் எழுத்து

எழுத்தைக் கண்ணால் காண்போர் உளர். காதால் கேட்போர் உளர். விரலால் தொட்டு உணர்வோரும் உளர். இம்மூவரும் படிப்பது ஒரே தமிழைத்தான். ஆயினும் கேட்டுப் படிப்பதற்கும் தொட்டுப் படிப்பதற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அதனை எனக்கு உணர்த்தியவர் முதுகலைத் தமிழ் பயின்ற என் மாணவர் ஒருவர். பிறவியிலேயே பார்வையற்றவர் அவர். அவரால் நான் கற்ற பாடத்தை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நூறாண்டு கடந்த அச்சு நூல் ஒன்றைக் கணினியில் ஏற்றும் பணி எங்கள் துறையில் நடைபெற்றது. நூலை வழங்கிய குடும்பத்துப் பெரியவர்கள் ஒரேயொரு வேண்டுகோளை முன்வைத்தனர். பதிப்பு வெளிவரும் வரையில் கோப்பு துறைக் கணினியை விட்டு வெளியே செல்லலாகாது என்பதே அது. விடுமுறை நாள்களில் மெய்ப்புப் பார்க்கும் மாணவர்கள் தத்தம் ஊர்களில் இருந்தபடியே பணிபுரிய வேண்டியிருந்தது. எனவே ரிமோட் டெஸ்க்டாப் எனப்படும் தொலைமேசை இணைப்பை ஏற்பாடு செய்தோம். கோப்பு இங்கேயே இருக்கும். திரையின் காட்சி மட்டும் அவர்களிடம் செல்லும். யாப்பில் வல்லவரான அம்மாணவரும், "ஐயா, எனக்கும் ஒரு பகுதி கொடுங்கள்" என்று கேட்டார்.

"கணினி வாசிக்கட்டும், அவர் கேட்டுத் திருத்தட்டும்; அது போதாதா?" என்று நண்பர்கள் வினவினர். தமிழாசிரியர் எவரும் இவ்வினாவுக்கு எளிதில் விடை கூறுவர். முந்நாள் என்றால் மூன்று நாள்; முன்னாள் என்றால் முன்னொரு நாள். இரண்டையும் உரக்கப் படித்துப் பாருங்கள். இன்றைய பேச்சில் நகரமும் னகரமும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அறம் என்று இருக்க வேண்டிய இடத்தில் அரம் என்று அச்சாகியிருந்தால், பலருடைய வாசிப்பில் அப்பிழை வெளிப்படுவதே இல்லை. கணினியின் குரல் இவற்றைப் பிரித்துக் காட்டும் என எதிர்பார்த்தல் இயலாது. எழுத்தெழுத்தாகச் சொல்லச் செய்யலாம். ஆனால் ஆயிரம் வரிகளை அவ்வாறு கேட்டு முடிப்பது எங்ஙனம்? பிழை திருத்துவோர்க்கு ஒலி போதாது; எழுத்தே வேண்டும்.

அவ்வெழுத்தைப் பார்வையற்றோர்க்கு வழங்கியவர் பிரான்சு நாட்டவரான லூயி பிரெயில். 1809இல் பிறந்து, சிறு வயதிலேயே பார்வையை இழந்த அவர், பதினைந்தாம் வயதில் புள்ளி எழுத்து முறையை உருவாக்கி, 1829இல் அதனை நூலாக வெளியிட்டார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பெற்றது. ஆறு புள்ளிகள் கொண்ட அக்கட்டத்தில், லகரத்திற்கு இடப்பக்கத்து மூன்று புள்ளிகள்; ளகரத்திற்கு வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். ழகரத்திற்கும், ரகர றகரங்களுக்கும், நகர னகரங்களுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. செவி மயங்கும் இடத்தில் விரல் மயங்குவதில்லை.

அம்மாணவரிடம் பிரெயில் டிஸ்ப்ளே என்னும் கருவி இருந்தது. 40 கட்டங்கள் கொண்ட அக்கருவியில் சிறு முனைகள் மின்விசையால் எழுந்தும் தாழ்ந்தும் ஒரு வரியைக் காட்டும். படித்து முடித்ததும் அதே கட்டங்கள் அடுத்த வரியாக மாறும். அதிலுள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுதவும் செய்யலாம். ஏடும் எழுத்தாணியும் ஒன்றாய் அமைந்த கருவி எனலாம். யூ.எஸ்.பி. கம்பியால் அது அவருடைய மடிக்கணினியோடு இணைந்திருந்தது. தமது கணினியில் எதனையும் அவர் தடையின்றிப் படித்தார், எழுதினார். துறைக் கணினியைத் திறந்தவுடன் கருவி ஊமையாகிவிட்டது.

காரணம் எளியது. தொலைமேசை இணைப்பில் அங்குள்ள திரை, எழுத்தாக வருவதில்லை; படமாக வருகிறது. கண்ணுள்ளோர்க்குப் படமே போதும். திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளுக்கோ அப்படம் வெற்றுத்தாளே. விசைப்பலகைக்கும் சுட்டெலிக்கும் இத்தொல்லை இல்லை. எந்த விசை அழுத்தப்பெற்றது என்னும் சிறு குறிப்பை அனுப்பினால் போதும். அங்குள்ள கணினி அதனைப் புரிந்துகொள்ளும். ஓவியர்தம் வரைபலகை, ஒலிப்பதிவைக் கேட்டெழுதுவோர்தம் கால்மிதி, பார்வையற்றோர்தம் பிரெயில் கருவி ஆகிய தனிக்கருவிகளை இணைப்பு தானாக ஏந்திச் செல்லும் எனக் கொள்ளுதல் இயலாது.

இதற்கு வழிகள் இரண்டு. முதலாவது, கருவியும் கணினியும் தமக்குள் பேசும் பேச்சு முழுவதையும் அப்படியே அடுத்த கணினிக்குத் திருப்பிவிடுவது. விண்டோஸ் 7இன் முதல் சேவைத் தொகுப்போடு 2011இல் இத்தகைய வசதி வந்தது. ஆயினும் 1996இல் முதன்முதலாக வகுக்கப்பெற்ற யூ.எஸ்.பி. முறை, சில மீட்டர் கம்பிக்கென அமைந்தது. கணினி நொடிக்குப் பலமுறை வினவும். வினவினால் மட்டுமே கருவி விடையளிக்கும். இவ்வுரையாடலை ஊர் விட்டு ஊருக்கு நீட்டும்போது தாமதம் புகுகின்றது. அக்கருவிக்குரிய இயக்கி மென்பொருளும் தொலைவிலுள்ள கணினியில் இருத்தல் வேண்டும். பிரெயில் கருவிகளுக்கென 2018இல் யூ.எஸ்.பி. அமைப்பினர் பொது நெறியொன்றை அறிவித்துள்ளனர். அதனைப் பின்பற்றும் கருவிகளுக்கு, அந்நெறியை ஏற்கும் கணினிகளில் இவ்வியக்கி வேண்டுவதில்லை. இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. திருப்பிவிடப்பெற்ற கருவி, உரியவரின் கணினிக்குப் பயன்படாது போய்விடும். இணைப்பு அறுந்தால், அவர் விரலுக்கு இங்கும் எழுத்தில்லை, அங்கும் எழுத்தில்லை. எங்கள் முயற்சியில் முதல் இரண்டு நாளும் இவ்வாறே கழிந்தன.

இரண்டாவது வழி, கருவியை விடுத்து எழுத்தை மட்டும் அனுப்புவது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்னும் மற்றொரு பார்வையற்ற இளைஞரோடு சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. அதனை இரு கணினிகளிலும் நிறுவி, ஒரே திறவுச்சொல்லால் இணைத்தால், துறைக் கணினி படிக்கும் வரி புள்ளி வடிவங்களாக மாறி மாணவரின் கருவிக்கு வந்து சேரும். அவர் அழுத்தும் விசை அங்கே சென்று சேரும். முன்பு தனி இணைப்பாகக் கிடைத்த இவ்வசதி, 2025.1 பதிப்பு முதல் அம்மென்பொருளின் உறுப்பாகவே அமைந்துள்ளது. துறைக் கணினியில் தமிழ்ப் பிரெயில் அட்டவணையைத் தேர்ந்து வைத்தோம். படிக்கும் வரி மட்டுமே பயணம் செய்யும், கோப்பு இடம்பெயராது என்பதைப் பெரியவர்களிடம் விளக்கி இசைவும் பெற்றோம்.

தூது இலக்கியம் பயில்வோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். தூதுவிடும் தலைவி தன் இல்லத்தைப் பெயர்த்து அனுப்புவதில்லை, செய்தியையே அனுப்புகிறாள். கருவியின் மின்குறிகள் அனைத்தையும் சுமந்து செல்ல முயன்றபோது இடறிய பணி, எழுத்தை மட்டும் அனுப்பியபோது இனிதே நடந்தது. கண்ணுள்ள மாணவர் இருவர் பார்த்து முடித்த பகுதியில், மேலும் பல பிழைகளை அவர் விரல் கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை றகர ரகர மயக்கமும் நகர னகர மயக்கமுமே. கண் சொல்லை ஒரு பார்வையில் விழுங்கிச் செல்கிறது. விரலோ ஒவ்வோர் எழுத்தையும் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. குறை என நாம் கருதியது பதிப்புப் பணியில் நிறையாயிற்று.

இன்று கணினி ஆய்வகம், நூலகம், தேர்வு யாவும் தொலைவிலிருந்து நடத்தப்பெறுகின்றன. அவ்வேற்பாடுகளைச் செய்வோர், "இணைப்பு கிடைக்கிறதா?" என்று மட்டுமே வினவுகின்றனர். "உங்கள் கருவியும் உங்களோடு உள்ளே வருகிறதா?" என்று வினவுவோர் அரியர். மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதிகளைக் கல்வி நிறுவனங்கள் செய்துதர வேண்டும் என 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறுகிறது. சாய்தளம் அமைப்பதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை. தொலைவிலுள்ள கணினியில் திரைவாசிப்பானை நிறுவுதல், தமிழ்ப் பிரெயிலைத் தேர்ந்து வைத்தல், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே மாணவரை அவருடைய கருவியோடு அமர்த்திச் சோதித்தல் ஆகிய மூன்றும் பெரும்பொருட் செலவின்றிச் செய்யத்தக்கவை.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் இத்தகைய தோழர் ஒருவர் இருப்பின், அவருக்காகப் படித்துச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அவர் தாமே படிப்பதற்குரிய வழி அடைபட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அடைபட்டிருந்தால் ஆசிரியரிடம் வாருங்கள், சேர்ந்து திறப்போம். நிறுவனப் பெரியவர்கள் துறைதோறும் ஒரு கணினியையேனும் இவ்வாறு ஆயத்தம் செய்து வைக்க உதவுதல் வேண்டும். அம்மாணவர் திருத்திய பகுதி இப்போது அச்சுக்குச் செல்லும் நிலையில் உள்ளது. பதிப்பின் முகப்பில் மெய்ப்புத் திருத்தியோர் வரிசையில் அவர் பெயரே முதலில் நிற்கும்.