மின்னலுக்கு ஒத்தையடிப் பாதை

இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்பார் அம்மா. வயலுக்குப் போன என் சித்தப்பா மின்னல் தாக்கித்தான் இறந்தார்.

பி.காம். படித்த எனக்கு வோல்ட்டேஜ் எட்டாத கணக்கு. ஆனாலும் இந்தச் சேதியைக் கேளுங்கள். 2021 கோடையில், சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையுச்சியில், 124 மீட்டர் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு லேசரை நிறுத்தினார்கள். நொடிக்குச் சுமார் 1,000 முறை வானத்தை நோக்கிப் பாய்ந்தது. அது போன வழியில் காற்று சூடாகி லேசாகிவிட, மின்னலுக்கு ஒத்தையடிப் பாதை ரெடி! ஜூலை 24 அன்று ஒரு மின்னல் சுமார் 50 மீட்டர் தூரம் அந்தப் பாதையிலேயே சமர்த்தாகப் போனதை கேமரா படம் பிடித்தது.

விமான நிலையத்துக்கும் ராக்கெட் தளத்துக்கும் நாளை இது காவல் நிற்கலாம். நடுவயலில் நிற்கிறவருக்கு? கால்தான் காவல். இடிச் சத்தம் கேட்டால் கட்டடத்துக்குள் ஓடிவிடுங்கள். மரத்தடிக்குப் போகாதீர்கள். சித்தப்பா அங்கேதான் ஒதுங்கினார்.