மதில் இல்லாத சிறை... மண்வெட்டி பிடித்த கைதிகள்!

பண்டரிபுரம் போகும் நம்மூர்க்காரர்கள் பாண்டுரங்கனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ரயில் ஏறிவிடுவார்கள். அங்கிருந்து தென்மேற்கே சுமார் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் ஆட்பாடி வரும். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டம். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி என்பதால், முழுக்க வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும்தான் விளைச்சல். கொஞ்சம் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் மாதுளை. இதே தாலுகாவில் உள்ள கர்சுண்டி சந்தை, கிலாரி மாடுகளுக்குப் பேர்போனது. காங்கேயம் வளர்ப்பவர்கள் அந்தக் கொம்பைப் பார்த்தால் நகரமாட்டார்கள்.

இந்த வறண்ட மண்ணில்தான் சுதந்திரபூர் இருக்கிறது. பெயர்தான் சுதந்திரம், இடம் சிறைச்சாலை.

1939-ம் ஆண்டு, இந்தப் பகுதி அவுந்த் என்ற சின்ன சமஸ்தானத்தில் இருந்தது. போலந்து நாட்டு இன்ஜினீயர் மாரிஸ் ஃப்ரீட்மன், பெங்களூரில் வேலை பார்க்க வந்தவர். காந்தியிடமும், திருவண்ணாமலை ரமணரிடமும் ஈடுபாடு கொண்டவர். அவர் சொன்ன யோசனையை அவுந்த் ராஜா ஏற்றுக்கொண்டார். கொலை போன்ற பெரிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களை விலங்கும் மதிலும் இல்லாமல் குடியமர்த்தி, நிலத்தில் உழைக்கச் சொல்வதுதான் அந்த யோசனை. மனைவி, பிள்ளைகளும் கூடவே இருக்கலாம். இன்றைக்கும் அங்கே திறந்தவெளிச் சிறைக் குடியிருப்பு நடக்கிறது.

இந்தத் தாலுகாவைச் சேர்ந்த எழுத்தாளர் மாட்கூள்கர் கதை எழுத, 1957-ல் வி.சாந்தாராம் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ என்ற இந்திப் படம் எடுத்தார். அதைத்தான் 1975-ல் எம்.ஜி.ஆர் நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ படமாக நாம் பார்த்தோம். இந்திப் படத்தில் கைதிகள், தாங்கள் விளைவித்த காய்கறியை நியாய விலைக்கு விற்கப்போய் வியாபாரியிடம் அடிவாங்குவார்கள். சந்தையில் அடிவாங்குவது கைதியாக இல்லாத நமக்கும் பழக்கம்தான்.

இதையெல்லாம் விவசாயப் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை என்று ஒரு நிமிடக் கோபத்தில் அரிவாளைத் தூக்கி, ஆயுள் தண்டனை வாங்கியவர்கள் பல ஊர்களில் உண்டு. அவர் உள்ளே போனதும் நிலம் தரிசாகும், மாடு விலைக்குப் போகும், மனைவி கூலிக்குப் போவார், மூத்த பிள்ளை படிப்பை நிறுத்தும். தண்டனை ஒருவருக்கு, அனுபவிப்பது வீடே. வெட்டுப்பட்டவர் வீட்டிலும் இதே கதிதான். சிறையில் உழைப்பவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்கவேண்டும், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் சொன்னது அதனால்தான் முக்கியமாகிறது.

சுதந்திரபூர் போன்ற ஏற்பாடு பெரிதாக வளர்ந்திருப்பது ராஜஸ்தானில். ஜெய்ப்பூர் பக்கத்தில் சாங்கானேர் முகாம் 1963-ல் தொடங்கியது. தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை முடித்தவர்களில் நன்னடத்தை உள்ளவர்களை அனுப்புகிறார்கள். அரசு சோறு போடாது. பகலில் வெளியே போய் கூலி வேலையோ, கடை வேலையோ பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். மாலையில் வருகைப் பதிவுக்குத் திரும்பிவிட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அப்பாவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம். மூடிய சிறையில் கைதிக்கே நெஞ்சுவலி என்றாலும், வெளி மருத்துவமனைக்குப் போகப் போலீஸ் துணை வந்தாக வேண்டும். 2024-ல் இந்த முகாம் நிலத்தின் பெரும்பகுதியை ஆஸ்பத்திரி கட்ட ஒதுக்கியதால், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது.

தமிழ்நாட்டிலும் கோவை சிங்காநல்லூர், சிவகங்கை மாவட்டம் காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பு ஆகிய இடங்களில் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. கைதிகள் விவசாயம் செய்கிறார்கள். அங்கேயும் குடும்பத்தோடு குடியிருக்க வழிசெய்தால் பல வீடுகள் பிழைக்கும் என்பது என் எண்ணம்.

உறவினர் யாராவது சிறையில் இருந்தால், திறந்தவெளிச் சிறைக்கு மாற்றக்கோரி அந்தச் சிறைக் கண்காணிப்பாளரிடம் மனு கொடுக்கலாம். மனு எழுதவும் வழக்கு நடத்தவும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. கட்டணமில்லா தொலைபேசி எண் 15100.