பச்சோந்தியின் பேறுகாலம்

கொள்கை மாறும் மனிதரை ஏசுவதற்கு நம்மிடம் ஆயத்தமாய் இருக்கும் பெயர் பச்சோந்தி. அரசியல் மேடையிலும், ஏன், பிரசங்க மேடையிலும் அதன் தலை உருளாத நாளில்லை. லேவியர் ஆகமம் 11 ஆம் அதிகாரத்தில் தீட்டான ஊர்வனவற்றின் வரிசையிலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. இத்தனைக்கும் அது செய்யும் தீங்குதான் என்ன? இரு கண்களையும் இரு திசையில் சுழற்றும். நாவை அம்பென நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும். அவ்வளவே.

ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில், சென்ற ஐப்பசியில், எங்கள் பங்கைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் இப்பிராணியைப் பிடித்து வந்து பழைய கோழிக்கூண்டில் வளர்த்தான். அவன் கொடுக்கும் வெட்டுக்கிளியை அது கையிலிருந்தே தின்னுமாம். மூன்றாம் வாரத்தில் அது உணவை வெறுத்தது. வயிறு பருத்தது. கிளையில் தங்காமல், கூண்டின் அடித்தகரத்தைப் பகலெல்லாம் பிறாண்டிற்று. "வயித்துல என்னமோ கட்டி, சாமி; செபிச்சு விடுங்க" என்று அவன் தாய் கூண்டோடு பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டார்.

குருமடத்தில் நான் கற்றது தத்துவமும் இறையியலுமேயன்றி ஓணான் சாத்திரம் அன்று. எனவே, ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எம் பங்கு இளைஞர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கட்டியன்று, முட்டை என்றார் அவர். மரத்தில் வாழும் பச்சோந்தி முட்டையிட மட்டும் தரைக்கு இறங்கும். ஈரமுள்ள இளகிய மண்ணில் வளை தோண்டி, ஒரே ஈட்டில் 10 முதல் 30 முட்டைகள் வரை இட்டு, வளையை மூடிவிட்டுப் போகும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும். நீரும் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் குறைந்தால் அடைப்பு இன்னும் கடுமையாகும். பகலிலே கண்மூடிச் சோர்ந்து, கிளையைப் பற்றும் வலுவும் போய்விட்டால் எக்ஸ்ரே, ஊசி, அறுவை என்று மருத்துவரிடம்தான் ஓட வேண்டும். அதன் பின்னும் பிழைப்பது உறுதியில்லை.

கோழிக்கு முட்டை அடைத்தால் எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள் நம் பெண்கள். அந்தக் கைவைத்தியம் இங்கே ஆகாது. வயிற்றை அமுக்கினால் முட்டை உள்ளேயே உடைந்து உயிருக்கு முடிவாகும். கிண்ணத்துத் தண்ணீரையும் இது பெரும்பாலும் குடிக்காது. இலையில் துளியாய் நின்றால்தான் நக்கும்.

நிற்க. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறை அலுவலர் ஒருவரிடம் செய்தியைச் சொன்னோம். கண் இன்னும் தெளிவாக இருப்பதைக் கேட்டறிந்து, பிடித்த இடத்திலேயே உடனே விடச் சொன்னார். சிறுவன் அழுதான். "தம்பி, உன் மேல் அதற்குக் கோபமில்லை, அதற்கு வேண்டிய மண் உன் கூண்டில் இல்லை" என்றேன். சமாதானமடைந்ததாகத் தெரியவில்லை.

அன்று மாலையே தோப்புக்குப் போனோம். மழை பெய்து செம்மண் இளகியிருந்தது. இலைகளில் நீர் தெளித்து அதைக் கிளையில் ஏற்றினோம். சிறுவர் பட்டாளம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அக்காலத்தில் ஊருக்கெல்லாம் பேறு பார்த்த மூதாட்டி ஒருவர், "பிள்ளை பெறப்போறவளை இத்தனை பேரு சுத்தி நின்னா அவ எப்படிப் பெறுவா? போங்கடா!" என்று விரட்டினார். மருத்துவ இளைஞரும் இதையே சொல்லியிருந்தார்: பிறர் பார்வை படுமிடத்தில் அது தோண்டாது, தொடங்கிய வளையையும் கைவிட்டுவிடும். ஆனால் என் பேச்சைக் காட்டிலும் அவர் அதட்டலுக்கே பலன் இருந்தது.

மூன்றாம் நாள் மரத்தடியில் புதுமண் கிளறி மூடிய தடம் தெரிந்தது. பச்சோந்தி அடுத்த மரத்தில், வயிறு ஒட்டி, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்க்கத் துடித்த சிறுவனைத் தடுத்தேன். முட்டை பொரிய மாதக்கணக்காகும். கோழி கிளறாதிருக்க அவன் முள் வெட்டி வந்து வேலி கட்டினான். அவன் தாயோ அன்று முதல் அந்த மரத்தில் ஆடு கட்டுவதில்லை.