மகளுக்கு ஒரு சட்டக் கல்லூரி

ஓசூரில் குடியிருப்போருக்குப் பெங்களூர் அடுத்த தெரு போன்றது, நாற்பது கிலோமீட்டர்தான். ஆகவே, மகள் சட்டம் பயில விரும்பியபோது, 1987இல் நிறுவப்பட்ட தேசியச் சட்டப் பள்ளி விளங்கும் அந்நகரையே நாம் நாடினோம். அங்கே இடம் கிட்டாததால், தனியார் கல்லூரியொன்றில் சேர்க்க, இருந்த ஒரே மனையையும் விற்கத் துணிந்து முன்பணம் பெற்றோம். பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவுகளில் வேலை உண்டல்லவா?

"உண்டு, அத்தா. ஆனால் நான் நீதிமன்றத்தில் அல்லவா நிற்க விரும்புகிறேன்?" என்றாள் அவள்.

வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு 2011இல் நடைமுறைக்கு வந்தபின், எந்த மாநிலத்தில் பதிந்தவரும் நாடெங்கும் வாதாடலாம். சட்டம் வழிவிட்டாலும் மொழி வழிவிட வேண்டுமே! அத்திப்பள்ளியைத் தாண்டினால் கீழமை நீதிமன்றங்களில் கன்னடம். இவளுக்கு அது கடைவீதியில் பேசுமளவே தெரியும். எழுதவோ படிக்கவோ வராது. ஓசூரிலோ, 1970களில் சிப்காட் வந்தது முதல் நிலமெடுப்பு, ஒப்பந்தக் கூலி, விபத்து இழப்பீடு என வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. சாட்சி சொல்ல வரும் தொழிலாளி தமிழில்தான் சொல்வார்.

தருமபுரி அரசு சட்டக் கல்லூரிக்கான விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோம். முன்பணத்தைத் திருப்பியளிக்கச் சென்றபோது, "பெங்களூரை விட்டுவிட்டுத் தருமபுரிக்கா?" என வியந்தார் மனை வாங்கவிருந்தவர். நமக்கும் உள்ளே அதே கேள்வி இருந்ததால், பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினோம்.