மீன் தொட்டிக்கு எந்தக் கல்?

போடியில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வற்றினால் மழமழவென்று உருண்டு கிடக்கும். அதனால் என் மகனுக்கு மீன் தொட்டி வாங்கியபோது, கடையில் விற்கும் சாயக் கல்லுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "குரங்கணி ஓடையில எடுத்துட்டு வரலாம்மா" என்றான் அவன்.

என் மாமியார் ஒப்பவில்லை. பல வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவர். "தோட்டத்துக்குக் கீழ உள்ள கல்லு வேணாம் தாயி. மேல அடிக்கிற மருந்தெல்லாம் மழைக்கு அங்கனதான் வந்து சேருது" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அதிகம். போதாததற்கு, காய் அழுகல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் உண்டு. செம்புக் குடத்தில் நாம் தண்ணீர் குடிக்கிறோமே என்பீர்கள். மீனுக்கும் தொட்டி நத்தைக்கும் அந்தச் செம்பு கொஞ்சம் கரைந்தாலே விஷம். துளையுள்ள கல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல விடும்.

கடைசியில் எங்கள் கொல்லையிலேயே கல் கிடைத்தது. மாமனார் காலத்தில் கிணறு வெட்டி எடுத்துப் போட்ட குவியல், மருந்து வாடையே படாதது. கருநீலமான மலைப்பாறைத் துண்டுகளும் வெங்கச்சாங்கற்களும் அதில் இருந்தன. அந்தக் கரும்பாறை வகைக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் உள்ளதும் இந்த இனம்தானாம். அதை வைத்து 1893-ல் ஹாலண்ட் என்ற நிபுணர் சார்னகைட் என்று பெயர் சூட்டிவிட்டார். அது தண்ணீரில் கரையாது, மீனுக்குப் பத்திரம்.

வெள்ளைக் கல்லில்தான் கண் ஏமாறும். வெங்கச்சாங்கல்லும் சலவைக்கல் துண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆணியால் லேசாகக் கீறி, அந்த இடத்தில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புச் சத்து உள்ள கல். சங்கு, சோழியும் இதே ரகம்தான். தண்ணீரைக் கடினமாக்கிவிடும். கப்பி, மோலி மீன்கள் அதைத் தாங்கும், டெட்ராவுக்கு ஆகாது. துருப்பிடித்த கோடு, மினுக்கும் உலோகப் பொடி தெரிந்தால் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள். கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்டு ஒட்டிய கல்லும் வேண்டாம்.

தேய்க்கப் புது பிரஷ் போதும். சோப்பு, சபீனா எதுவும் கூடாது. சுத்தமாகட்டும் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் கல் வெடித்துத் தெறிக்கும், குழந்தைகள் பக்கத்தில் நிற்பார்கள். வாளியில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, ஒரு வாரம் வைத்தால் சரி. கூர்முனையைக் கருங்கல்லில் உரசி மழுக்குங்கள்.

பெரிய கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் முதலில் தொட்டியின் அடியிலேயே அசையாதபடி அமர்த்தி, பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள். சில மீன்கள் மணலைத் தோண்டும். கல் சாய்ந்தால் கண்ணாடி போய்விடும்.