கப்பலேறாத சுண்ணாம்பு

மெக்சிகோ கிராமத்து வீடுகளில் நாளைய சாப்பாட்டு வேலை இன்று இரவே தொடங்கிவிடும். காய்ந்த மக்காச்சோளத்தைத் தண்ணீரில் கொட்டி, கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்து அடுப்பில் ஏற்றுவார்கள். நாம் வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான். விரலால் நிமிண்டினால் தோல் கழன்று வரவேண்டும், அதுதான் பதம். இறக்கி, விடியும்வரை ஊறவிட்டு, மஞ்சள் பூத்த நீரை வடித்து, நன்றாக அலசி அரைத்தால் மாவு. ஊறிய மணிக்கு நிஷ்தமால் என்று பெயர். மாவைத் தட்டி, கோமால் என்ற தட்டையான சட்டியில் சுட்டால் டோர்டியா.

சுண்ணாம்பு போடாவிட்டால் மாவு சேராது, தட்டும்போதே விண்டுபோகும். இது அடுப்படியிலேயே தெரிந்துவிடுகிற விஷயம். தெரியாத விஷயம் ஒன்றும் அந்தப் பானைக்குள் நடக்கிறது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற பி-3 வைட்டமின், உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. கால்சியம் உபரி வரவு. இந்தப் பழக்கத்துக்குக் குறைந்தது மூவாயிரம் வயது.

கொலம்பஸ் காலத்தில் மக்காச்சோளம் கடல் கடந்து ஸ்பெயினுக்குப் போயிற்று. விதைதான் போயிற்று, சுண்ணாம்புப் பானை அங்கேயே நின்றுவிட்டது. விளைச்சல் அதிகம், விலை குறைவு என்றால் ஏழை வீட்டுக்கு வேறென்ன வேண்டும்? வட இத்தாலியின் உழவர் குடும்பங்கள் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களியையே வேளை தவறாமல் தின்றன. தோல் வெடித்தது, வயிறு கழிந்தது, முற்றியவர்களுக்குப் புத்தி பேதலித்தது. ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735ஆம் ஆண்டிலேயே இந்த நோயைக் கவனித்து எழுதினார். 1771ல் இத்தாலியில் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் விழுந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914ல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் வேறொன்றைக் கவனித்தார்: மனநல விடுதிகளில் நோயாளிகளுக்கு வருகிறது, கூடவே இருக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை. இருவர் தட்டும் வேறு. தொற்று இல்லை என்று நிரூபிக்க, நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார்; அவர்களது கழிவைக்கூட உருண்டையாக்கி விழுங்கினார். குறைவது நியாசின்தான் என்பது 1937க்குப் பிறகே தெளிவாயிற்று.

வைட்டமின் தெரியாத மெக்சிகோப் பெண்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வியந்து எழுதுவது வழக்கம். வியக்கலாம். ஆனால் அந்தப் பெண்களின் முட்டியை யாரும் கேட்பதில்லை. மெத்தாத்தே என்ற சாய்ந்த அம்மியின் முன் மண்டியிட்டு, ஒரு குடும்பத்துக்கான மாவை அரைக்க நாளில் பல மணி நேரம் போகும். மாவு அரைக்கும் மில் வந்தபோது தெபோஸ்த்லான் என்ற ஊரில் ஆண்கள் முகம் சுளித்தார்கள்: மில் மாவில் ருசி இல்லையாம், பெண்களுக்குச் சோம்பல் வந்துவிடுமாம். பெண்கள் வாளியில் நிஷ்தமாலைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கே போனார்கள்.

2010ல் மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. விவரக் குறிப்பில் சுண்ணாம்புப் பக்குவமும் அரைக்கும் கல்லும் இடம்பெற்றுள்ளன. தெபோஸ்த்லான் பெண்களைக் கேட்டிருந்தால், மில்லையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருப்பார்கள்.