டோனி விட்டுப்போன கண்ணாடி

2019-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தைத் தமிழில் பார்த்துவிட்டுப் பீட்டரை 'ஏமாளிப் பய' என்கிறான் என் ரூம்மேட். எனக்கு அப்படித் தோணலை.

பீட்டருக்கு வயசு 16. நம்ம டிப்ளமோ இரண்டாமாண்டு வயசு. செத்துப்போன டோனி ஸ்டார்க்கின் மூக்குக்கண்ணாடி அவன் கைக்கு வருகிறது. அதை மாட்டிக்கொண்டு உத்தரவு போட்டால் வானத்திலிருந்து ட்ரோன் இறங்கும். டோனியின் இடத்துக்கு இனி நீதானா என்று நிருபர்கள் துளைக்கிறார்கள். அவனுக்கோ பள்ளி டூரில் மனசுக்குப் பிடித்த பெண்ணிடம் நாலு வார்த்தை பேசணும். பெக் என்கிற ஆள் அன்பாகப் பேசியதும் கண்ணாடியை நீட்டிவிடுகிறான். அந்த ஆள்தான் வில்லன்!

எங்க மேலூர்ப் பக்கம் மாமாதான் பம்ப்செட் மோட்டார் பார்ப்பார். அவர் போனபிறகு ஸ்பேனர் பெட்டியை அத்தை என்னிடம் கொடுத்தது. நான் படிப்பது சிவில்! "ஏப்பா, மாமா கை ஒனக்கு இருக்கும்ல?" என்று ராத்திரியிலும் கதவைத் தட்டுகிறார்கள். நட்ட பயிர் தண்ணியில்லாமல் காயும்போது தெரியாது என்று எப்படிச் சொல்ல? பெக் மாதிரி ஒருத்தர் வந்தால் நானும் பெட்டியைக் கொடுத்துவிடுவேன்.

அதனால்தான் விமானத்துக்குள் பீட்டர் தன் உடுப்பைத் தானே வடிவமைக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டோனி மாதிரி ஆகணும் என்ற நினைப்பே அப்போது அவனிடம் இல்லை. வேலையில் மூழ்கிவிடுகிறான்.

குறை சொல்லணும்னா, பெக்கின் கூட்டமே ஸ்டார்க் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்தான். பெக்கின் கண்டுபிடிப்புக்கு ஸ்டார்க் வைத்தது கேலிப்பெயர். 2008 'அயர்ன்மேன்' படத்தில் ஸ்டேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ரிவாவும் இதில் உண்டு. அவர்கள் கோபத்தைப் படம் நின்று கேட்பதில்லை. சின்னப் பையன் தலையில் பாரத்தை ஏற்றிய டோனியையும் யாரும் கேட்கவில்லை. மாலை போட்ட படத்திடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள் போல.